புகைக்கு ஓர் உடன்படிக்கை

இடிப்பு உத்தரவுக் காகிதத்தை அதிகாரிகள் நம் கையில் கொடுப்பதில்லை. வாசலில் தரையில் வைத்து, காற்று அடித்துப்போகாமல் இருக்க மேலே ஒரு கல்லை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். கொடுத்தாயிற்று என்று அவர்கள் பக்கத்தில் கணக்காகிவிடும். அதனால்தான் கிர்பத் ஜுமானில் நாங்கள் விடிந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பதில்லை, கண்ணுகளா. தரையில் புதிதாக ஏதாவது கல் இருக்கிறதா என்று பார்ப்போம்.

அன்று கல் இருந்தது தாபூன் குடிசையின் வாசலில். அதைப் பார்த்தவள் ஹம்தா. மூத்த மகன் பெயரைச் சேர்த்து அவளை உம்மு ஔதா என்று கூப்பிடுவோம். ஊருக்கே ரொட்டி வேகும் அந்த அடுப்பு அவள் பொறுப்பில் இருந்தது. அவளுக்கு முன்னால் அவள் மாமியார் பொறுப்பில் இருந்தது. ஹம்தாவுக்கு எழுத்து தெரியாது. மருமகள் ஜலீலாவை எழுப்பிக் கூட்டிவந்தாள்.

"என்னடி போட்டிருக்கு?"

"புகை, மாமி."

"என்ன புகை?"

"நம்ம தாபூன் புகை மேல இருக்கிறவங்க வீட்டுக்குள்ள போகுதாம். அவங்க பிள்ளைங்க இருமுதாம். அதுவுமில்லாம இது அனுமதி வாங்காம கட்டுன கட்டடமாம். இடிக்கப்போறாங்களாம்."

ஹம்தா மேலே பார்த்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், குன்றின் உச்சியில், சிவப்பு ஓட்டு வீடுகள் வரிசையாக நின்றன. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அங்கே ஒரு கருவேல மரமும் எங்கள் ஆடுகளும்தான் இருந்தன.

"அவங்க வீட்டைக் கொண்டாந்து என் புகையில வெச்சது யாரு?" என்றாள்.



துருக்கிக்காரன் இருந்தான், ஆட்டுக்குத் தலைவரி கேட்டான். ஆங்கிலேயன் வந்தான், துப்பாக்கி தேடுகிறேன் என்று வைக்கோல் போரைக் குத்திக் கலைத்தான். அவனுக்குப் பிறகு ஜோர்தான் அரசரின் ஆட்கள் வந்தார்கள், மீசையை முறுக்கிக்கொண்டு கோழி கேட்டார்கள். எல்லோரும் எங்கள் ரொட்டியைத் தின்றார்கள். யாரும் புகையைப் பற்றிப் பேசவில்லை. அறுபத்தேழாம் வருஷம், இப்போது காகிதம் வைக்கிற இவர்கள் வந்தார்கள். முதலில் குன்றில் ஒரு கொடி. பிறகு சக்கரம் வைத்த ஒரு வீடு. அது தற்காலிகம் என்றார்கள். சக்கரத்தைக் கழற்றினார்கள், வேலி போட்டார்கள், சாலை போட்டார்கள், அந்தச் சாலையில் நாங்கள் நடக்கக் கூடாது என்றார்கள். வேலிக்குள்ளே பெரிய கோழிப்பண்ணை ஒன்று வைத்தார்கள். கோடையில் அந்த நாற்றம் நாங்கள் குடியிருக்கும் குகைகளுக்குள் இறங்கி, தண்ணீர்ப் பானையில் ஏறி உட்காரும். அவர்கள் வாசலில் நாங்கள் எந்தக் கல்லை வைப்பது?

அடுப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. தாபூன் என்பது களிமண்ணும் வைக்கோலும் ஆட்டுமயிரும் பிசைந்து செய்த, கவிழ்த்து வைத்த பெரிய சட்டி. உள்ளே தரையில் கூழாங்கற்கள். நெருப்பு உள்ளே இல்லை, வெளியே. சட்டியைச் சுற்றி வறட்டியும் ஆட்டுப்புழுக்கையும் ஒலிவப் பிண்ணாக்கும் குவித்து, சாம்பலால் மூடிவைப்போம். அந்த மூட்டம் இரவும் பகலும் கனன்றுகொண்டே இருக்கும். சூடு மெதுவாக மண்ணுக்குள் இறங்கி, மண்ணிலிருந்து கல்லுக்குப் போகும். கல்லில்தான் ரொட்டி வேகும். ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி சூடேற மூன்று நாளாவது ஆகும். சூட்டோடு தண்ணீர் பட்டால் சட்டி பிளந்துவிடும். எனவே அணைப்பது என்ற பேச்சே கிடையாது. பிரசவம் என்றாலும் சாவு என்றாலும் யாராவது ஒருத்தி எழுந்துபோய்ச் சாம்பலைக் கிளறி இரண்டு கூடை புழுக்கையைப் போட்டுவிட்டு வருவாள்.

இது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்களுக்குத் தெரியாது. தாபூன் குடிசைக்குள் ஆண்கள் குனிந்து நுழைந்ததில்லை. நுழையாதே என்று யாரும் சொன்னதுமில்லை. நாங்கள் தலைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மாமியாரையும் புருஷனையும் பேச்சில் வறுத்தெடுக்கும் இடம் அது. ஆண்கள் வாசலுக்கு வெளியே நின்று இருமுவார்கள். உள்ளிருந்து ஒரு கை ரொட்டியை நீட்டும். வாங்கிக்கொண்டு போவார்கள்.

வேறு வழியில் ரொட்டி சுட முடியாதா என்று கேட்பீர்கள். இரும்புத் தகட்டில் சுடலாம். அதற்கு விறகு வேண்டும். குன்றில் விறகு பொறுக்கினால் துப்பாக்கியோடு வந்து நிற்கிறார்கள். யத்தா நகரத்துக்குப் போய்க் கடையில் வாங்கலாம். போகும் வழியில் மண்ணைக் குவித்து அடைத்திருக்கிறார்கள். அன்றாடம் ரொட்டிக்காக டிராக்டரில் சுற்றிப்போகிறவன் எத்தனை நாள் போவான்? ஒருநாள் பெண்டாட்டி பிள்ளைகளையும் அதே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு யத்தாவில் வாடகைக்குக் குடியேறிவிடுவான். பக்கத்துக் கிர்பாவில், இதே மாதிரிச் சிற்றூர்தான், அப்படித்தான் நடந்தது. இப்போது அங்கே அவர்களுடைய குதிரைகள் மேய்கின்றன. ஹம்தாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அடுப்பு போனால் ஊர் போகும்.

கல் வைத்த மறுவாரம் அதிகாரி வந்தான். சிரித்த முகம். தன்னை அபூ ஆதம், அதாவது ஆதமின் அப்பா, என்று சொல்லிக்கொண்டான். அவர்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் அரபுப் பெயர் உண்டு. ஆதம் என்று ஒரு பிள்ளை உண்டா இல்லையா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். எங்கள் பெரியவர் அபூ ஸ்வைலிம் அவனைக் கூடாரத்தில் உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். அவர் ஹம்தாவின் புருஷனுக்கு அண்ணன். புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் பேச ஆரம்பிப்பது அவருக்கு ஆகாது, வந்தது இடிக்கிறவனாக இருந்தாலும். நான் காபித் தட்டை, ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் திரைக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

"நாம் அயலவர்கள்," என்றான் அதிகாரி. அவன் அரபு புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல இருக்கும். "அயலவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ வேண்டும்."

"சரிங்க. உங்க கோழிப்பண்ணை நாத்தம் எங்களால தாங்க முடியல," என்றார் அபூ ஸ்வைலிம்.

"அதற்கு அனுமதி இருக்கிறது."

"நாத்தத்துக்கா?"

"பண்ணைக்கு."

உள்ளே ஆண்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்: "நான் இடிக்க விரும்பவில்லை. ஒரு யோசனை சொல்கிறேன். பகலில் நீங்கள் அடுப்பை மூட்டிக்கொள்ளுங்கள். மாலையில் மேலே உள்ள மக்கள் வீட்டுக்கு வெளியே உட்காருகிறார்கள். ஆகவே சூரியன் மறைந்ததிலிருந்து விடியும்வரை நெருப்பு அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இதை நீங்கள் ஒப்புக்கொண்டால் இடிப்பு நிறுத்திவைக்கப்படும்."

அவர்களில் ஒருவன் வந்து எங்களிடம் ஒன்றைக் கேட்டு, பதிலுக்கு ஒன்றைத் தருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் ஆண்களுக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. நான் திரையை இழுத்தேன். இருமினேன். "உம்மு ஔதாவைக் கேளுங்க," என்று இந்தப் பக்கமிருந்து சொன்னேன். அபூ ஸ்வைலிம் இன்னொரு சுற்றுக் காபிக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஆமா, கொண்டா," என்றார். நான் காபியோடு திரும்பி வருவதற்குள் கைநாட்டு வைத்தாயிற்று.

ஆண்கள் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி தாபூன் குடிசைக்கு வந்தார்கள். வாசலில் நின்று இருமினார்கள்.

"உம்மு ஔதா, உன் அடுப்பைக் காப்பாத்திட்டோம்," என்றார் அபூ ஸ்வைலிம்.

ஹம்தா மாவுக் கையோடு வெளியே வந்தாள். விவரத்தைச் சொன்னார்கள். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அபூ ஸ்வைலிம், உங்களுக்கு வயசு என்ன?"

"அது எதுக்கு இப்ப?"

"இத்தனை வருஷமா இந்த ரொட்டியைத் திங்கிறீங்க. எப்படி வேகுதுன்னு நினைச்சீங்க?"

"நெருப்புலதான் வேகுது. ராத்திரி அணைக்கிறது, காலையில பத்தவைக்கிறது. என் புகையிலைச் சுங்கானை நான் தினமும் அணைச்சுப் பத்தவைக்கலையா?"

உள்ளே ஜலீலா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஹம்தா சிரிக்கவில்லை. "உள்ள வாங்க," என்றாள்.

"என்ன?"

"குனிஞ்சு உள்ள வாங்கன்னேன். கைநாட்டு வெச்சீங்கள்ல, எதுக்கு வெச்சீங்கன்னு பாருங்க."

அவர் அசையவில்லை. அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இப்படி ஒன்றை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. அபூ ஸ்வைலிம் குனிந்தார், நிலையில் தலையை இடித்துக்கொண்டார், உள்ளே வந்தார். நாங்கள் அவசரமாகத் தலைத்துணியைப் போட்டுக்கொண்டோம். ஹம்தா அவர் கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். மண் சூடு, கல் சூடு எல்லாவற்றையும் சொன்னாள். ஆறினால் எத்தனை நாள் என்று சொன்னாள். தண்ணீர் ஊற்றினால் என்னாகும் என்று சொன்னாள். அவர் கேட்கக் கேட்க முகம் கறுத்தது.

"இதை ஏன் முன்னாலயே யாரும் எனக்குச் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? அவன் ரொட்டி சுடுறதில்ல, அவனுக்குத் தெரியாது, சரி. நீங்க திங்கிறவங்க. ஒரு திரைக்கு இந்தப் பக்கம் இத்தனை பொம்பளைங்க இருக்கோம். காபி கொண்டாந்த இவ, என்னைக் கேளுங்கன்னு வாய்விட்டே சொன்னா. அவன் இடிக்கத் தேவையே இல்லாம, அடுப்பைச் சாகடிக்க நீங்களே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவர் வெளியே போகும்போதும் தலையை இடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஹம்தா நெருப்பை அணைக்கவில்லை. சாம்பலைச் சலித்து, ஈரக்கையால் தட்டித் தட்டி, வழக்கத்தைவிட மூன்று மடங்கு கனமாக மூடினாள். பிண்ணாக்கைத் தவிர்த்தாள், அதுதான் அதிகம் புகையும். வெந்து தூளான பழைய புழுக்கையை மட்டும் உள்ளே வைத்தாள். நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். குடிசையின் கூரைக்கு மேலே ஒரு நூல்கூட எழவில்லை.

"புகைதானே கேட்டானுங்க. இந்தா, புகை இல்ல," என்றாள்.

ஒரு வாரத்துக்கும் மேல் அப்படியே ஓடியது. மேலே இருப்பவர்கள் வெளியே உட்கார்ந்தார்கள், அவர்கள் பாட்டுச் சத்தம் கீழே கேட்டது. புகை போகவில்லை. காலையில் ரொட்டி கொஞ்சம் மெதுவாக வெந்தது, ஆனால் வெந்தது. ஹம்தா உள்ளங்கையெல்லாம் கொப்புளம். தலை நிமிர்ந்து நடந்தாள்.

பிறகு ஒருநாள், சூரியன் விழுந்த நேரம், அபூ ஆதம் ஜீப்பில் வந்தான். இரண்டு சிப்பாய்கள். அவன் கையில் ஒரு சின்னக் கருவி இருந்தது. அதைக் குடிசைப் பக்கம் நீட்டினான். அதன் கண்ணாடியில் எங்கள் குன்று முழுவதும் நீலமாகவும், தாபூன் மட்டும் ரத்தச் சிவப்பாகவும் தெரிந்தது.

"நெருப்பு அணைக்கப்படவில்லை," என்றான்.

"புகை எங்க?" என்று கேட்டாள் ஹம்தா.

"புகை இல்லை."

"உங்க பிள்ளைங்க இருமுதுங்களா?"

"அது இப்போது கேள்வி இல்லை. நெருப்பு அணைக்கப்பட வேண்டும் என்பதுதான் உடன்படிக்கை. நீங்கள் மீறியிருக்கிறீர்கள்."

"புகை வேணாம்னீங்க. நிறுத்திட்டேன். அப்பவும் இடிப்பேன்னா, உங்களுக்கு வேண்டாதது புகை இல்லையே, தம்பி."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அபூ ஸ்வைலிமைப் பார்த்து, "இது உங்கள் கைநாட்டுத்தானே?" என்று மட்டும் கேட்டான்.

"என் காபியைக் குடிச்ச," என்றார் அவர். "என் கூடாரத்துல உக்காந்து, என் பிஞ்சான் கோப்பையில குடிச்ச."

"அதற்கு அன்றே நன்றி சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் வருவோம்."

கண்ணுகளா, எத்தனையோ வசவுகளைக் கேட்டிருக்கிறேன். அடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு மரியாதையாக ஒருவன் ஓர் ஊரின் வாயில் மண்ணைப் போட்டதைப் பார்த்ததில்லை.

விடியும்போதே பெண்கள் எல்லோரும் குடிசைக்குப் போனோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கையில் கிடைத்த பானை, சட்டி, ஓட்டை வாளி எல்லாம் எடுத்துக்கொண்டோம். புதுத் தாபூன் செய்கிறவள் பழைய தாபூனிலிருந்துதான் நெருப்பு எடுப்பாள், அது எங்கள் வழக்கம். ஆளுக்குக் கொஞ்சம் நெருப்புக் கங்கு, மேலும் கீழும் சாம்பல் வைத்து வாரிக்கொண்டு அவரவர் குகைக்குப் போய்க் குழி தோண்டி இறக்கினோம். ஹம்தா கடைசிவரை உள்ளே இருந்தாள். இடுக்கியால் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். புல்டோசர் ஏறி வந்துவிட்டது.

"வெளியே வா," என்றான் ஒரு சிப்பாய்.

"வரேன். கல்லு என்னுது."

"கல்லுக்கு என்ன இப்போது?"

"நல்ல கல்லு கிடைக்க ஒரு ஆயுசு ஆகும். உனக்குச் சொன்னா புரியாது, நில்லு."

அவன் நின்றான். அதையும் சொல்லத்தான் வேண்டும், நின்றான். பின்னால் நின்ற அதிகாரி ஏதோ கத்தினான். சிப்பாய் அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டான்.

குடிசை ஒரே தள்ளில் விழுந்தது. சட்டி நொறுங்கியது. அந்த மூட்டத்தின் அடியில், எங்கள் கைக்கு எட்டாமல் தங்கியிருந்த தணல் எல்லாம் காற்றுப் பட்டு ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது. குடிசையில் சேர்த்துவைத்திருந்த வறட்டி, பிண்ணாக்கு, மூன்று மடங்கு சாம்பல், எல்லாம் ஒரு பெரிய சாம்பல் நிற மேகமாக எழுந்தது. கோடையில் காற்று கடல் பக்கமிருந்து குன்றின் மேல்நோக்கி வீசும். மேகம் நேராக வேலியைத் தாண்டி, சிவப்பு ஓடுகளின் மேல் போய், கொடிகளில் காய்ந்த அவர்கள் வெள்ளைத் துணிகளின் மேல் இறங்கியது. இத்தனை வருஷத்தில் போகாத புகை அன்று ஒரே நாளில் போனது. மேலே ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"இதுக்கு அனுமதி இருக்கா?" என்று ஜலீலா அதிகாரியைக் கேட்டாள். அவன் ஜீப்பில் ஏறிவிட்டான்.

அன்றைக்கே ஹம்தா ஓடைக்குப் போய்க் களிமண் வெட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் குகைக்கு முன்னால் கொட்டினாள். புதுச் சட்டி செய்து, வெயிலில் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஒவ்வொருத்தியும் தன் குழியில் கங்கு சாகாமல் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தோம். ஒருத்தியுடையது போனால் பக்கத்தவள் கொடுத்தாள். அந்த நாட்களில் யத்தா கடை ரொட்டியைத் தின்றோம். உமிழ்நீரில் கரைந்துபோகும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. ஒரு குடும்பம் மட்டும் அந்த வாரம் மூட்டை கட்டியது. நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

களிமண் ஊறிய மறுநாள் காலையில் வாசலில் இருமல் சத்தம். அபூ ஸ்வைலிம். உடுப்பை முழங்கால்வரை தூக்கிக் கட்டியிருந்தார். மகன்கள் முன்னால்கூட வெறுங்காலோடு நிற்காதவர், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

ஹம்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வைக்கோலையும் ஆட்டுமயிரையும் களிமண்மேல் தூவி, குழியைக் காட்டினாள்.

"மிதிங்க. கட்டைவிரலால இல்ல, முழுக் காலால."

அவர் இறங்கினார். மிதித்தார். வழுக்கியது, எங்கள் முன்னால் ஒரு தரம் உட்கார்ந்தும்விட்டார். யாரும் கை கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எழுந்து மறுபடி மிதித்தார்.

"சரியா இருக்கா?"

"இன்னும் கட்டி இருக்கு. நிறுத்தாதீங்க."

இந்தத் தடவை ஒரு தாபூன் செய்யவில்லை. களிமண் நிறைய இருந்தது, கங்கும் பல இடத்தில் இருந்தது. ஒவ்வொரு குகைக்கும் ஒன்று செய்தோம். இனிமேல் காகிதங்களின் மேல் வைக்க அவர்களுக்குத்தான் நிறையக் கல் தேவைப்படும்.

முதல் சட்டி காய்ந்து, ஹம்தா அதற்குள் கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்த அன்று காலையில், என் வாசலில் காகிதம் இருந்தது. மேலே ஒரு கல். நான் அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்து குனிந்து கல்லை எடுத்தாள். காகிதம் காற்றில் உருண்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போனது. யாரும் துரத்தவில்லை, அதில் என்ன எழுதியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா.

அவள் கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தாள். இன்னொரு கல்லில் தட்டி, காதருகே வைத்துச் சத்தம் கேட்டாள். அவளுக்கு இன்னும் சில கற்கள் குறைந்தன.

"தேறுமா?" என்று கேட்டேன்.

"நம்ம ஓடைக் கல்லுதான்," என்றாள். "ஆனா பொறுக்கத் தெரியல இவனுங்களுக்கு. சூடு தாங்காது."

வேலிப் பக்கம் தூக்கி எறிந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கல் பொறுக்க ஓடைக்கு இறங்கினாள்.